மேடம்

கட்சியில் சேர வந்தவள் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை என்றதுமே கிளைச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வட்டிக் கடைக்காரங்களுக்கு இங்க என்ன வேலை?"

"கடை என்னோடது இல்ல, தோழர். மாசச் சம்பளத்துக்கு மாரடிச்சவ நான்."

"தோழர்ங்கிற வார்த்தையை நீங்க சொல்லாதீங்க, மேடம். அது உழைக்கிறவங்க வார்த்தை. ஏசியில உட்கார்ந்து அடுத்தவன் வயித்துல அடிக்கிறதுக்குப் பேரு உழைப்பா?"

"ஏசி கம்ப்யூட்டருக்குப் போட்டது. எங்களுக்கு பாத்ரூம் போகவே பர்மிஷன் வேணும்."

"அதை உங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னேன். ஆபீஸ்ல எல்லாரையும் சேர்த்து, சங்கம் வச்சுச் சொன்னேன். இன்னைக்குக் காலையில சீட்டைக் கிழிச்சுட்டாரு."

செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. அதுவரை அவளை நிற்கவைத்தே பேசியவர், அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உட்காருங்க, மேடம்."

அவள் உட்காரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க இப்பவும் மேடம்ங்கிறீங்க. அந்த மேனேஜர் என்னை வெளியே தள்ளும்போது, 'கிளம்புங்க தோழர்'னாரு. நான் யாருன்னு அந்த ஆளுக்காவது தெரிஞ்சிருக்கு."