முதல் குத்து

என் தங்கை பூங்கோதையின் மகனுக்குக் கோயிலில் காது குத்து. தாய்மாமன் என்பதால் பிள்ளை என் மடியில். எனக்கோ ரத்தம் உறையாத வியாதி. ஒரு பல் பிடுங்கியதற்கு மூன்று தெரு நனைந்தது. எங்கள் அம்மா வழியில் பெண்கள் இதை ஒரு வலியும் இல்லாமல் சுமந்து வந்து மகன்களிடம் இறக்கி வைப்பார்கள். இவனிடம் இறங்கியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. "சொல்லிராதண்ணே. நோய்க்காரக் குடும்பம்னு என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க" என்று காலையில் தங்கை என் கையைப் பிடித்து அழுதிருந்தாள். ஆசாரி ஊசியோடு குனிந்தார். நான் பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "மாமன் கையை எடுக்கணும்" என்றார். "எங்க பக்கம் முதல் குத்து மாமனுக்குத்தான்" என்று அந்த நிமிடமே ஒரு சம்பிரதாயத்தைப் பெற்றுப் போட்டேன். "அப்ப மச்சானுக்கு ஜிமிக்கியாப் பாத்துப் போடுங்க ஆசாரி" என்றார் தங்கை புருஷன். சபையே சிரித்தது. ஊசி என் காதில் இறங்கியது. முதலில் ஒரு துளி. பிறகு சட்டைக் காலர், வேட்டி, விரித்திருந்த ஜமுக்காளம். என் கணக்கில் கோயில் குளமே சிவந்தது. ஆசாரி துணியை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, சிரிப்புதான் நின்றது. தங்கையின் மாமியார் எழுந்து வந்தார். பிள்ளையை என் மடியிலிருந்து வாரித் தோளில் சாய்த்து, வெளியே தெரிந்த காதை உள்ளங்கையால் மூடினார். என் காதை விட்டுக் கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில், "பூங்கோதை, கொஞ்சம் இங்க வா" என்றார்.