பதினேழாம் தட்டு

“எல்லாத் தட்டுலயும் மருந்து விட்டுப் பாத்தாச்சு. பதினேழை மட்டும் ஏம்மா தொட மாட்டேங்குற?” என்றார் பேராசிரியர்.

நானோ துகளில் ஏற்றிய மருந்து, தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்பதுதான் அவரிடம் படிக்கும் மாணவியின் ஆராய்ச்சி.

“நாளைக்குப் பண்றேன் சார்.”

“ஆறு மாசமா இதே பல்லவி. அதுக்குத் தீனி போட்டுக் கண்ணுக்குள்ள வெச்சு வளக்குற. மருந்து தோத்துடும்னு பயமா?”

அவள் பதினேழாம் தட்டில் மருந்தை விட்டாள்.

மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்த பேராசிரியர் நிமிர்ந்து கைதட்டினார். “ஒண்ணுகூட மிச்சமில்ல! ஜெயிச்சுட்டோம்! ஏம்மா அழற?”

“அது எங்கம்மாவோட கட்டியிலேர்ந்து எடுத்தது சார். அம்மா தவறி ஒரு வருஷமாச்சு. அவங்களைக் கொன்னதும் அதுதான். அவங்ககிட்டேர்ந்து உயிரோட மிச்சமிருந்ததும் அதுதான்.”