தெரிஞ்ச கோளாறு

"ஏம்ப்பா, நீங்க சாஃப்ட்வேர் எழுதுறீங்களா, தாலாட்டு எழுதுறீங்களா? தினமும் தூங்கிப் போகுது!"

நான் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். ஆபீஸில் அவருக்கு 'குக்கர்' என்று பெயராம். விசில் அடித்து முடிக்காமல் அடங்க மாட்டாராம். ரிசப்ஷனிலேயே எச்சரித்திருந்தார்கள்.

"இது எங்களுக்குத் தெரிஞ்ச கோளாறுதான் சார்" என்றேன்.

"தெரிஞ்ச கோளாறுன்னா? தெரிஞ்சவங்களாச்சேன்னு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்றைக்கு இதை ஒரு வழி பண்ணாமல் கிளம்புவதில்லை என்று உட்கார்ந்தேன்.

இன்ஷூரன்ஸ் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ் அது. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று எல்லாத் திரையும் ஒன்றாக நின்றது.

"போச்சுடா! மறுபடியும் படுத்துருச்சு!" தன் அறையிலிருந்து குக்கர் கத்தினார்.

மற்றவர்கள் சோம்பல் முறித்தார்கள். ஜன்னலோரத்துப் பெண் மட்டும் துள்ளி எழுந்து, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். திரைகள் உயிர் பெற்ற பிறகு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். முகத்தில் ஏக சந்தோஷம்.

"எங்க போயிட்டு வர்றீங்க மேடம்?"

"சும்மா... கீழ வரைக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னிக்கே சரியாயிடுமா சார்?"

"ஆகாம? அதுக்குத்தானே வந்திருக்கேன்!"

அவள் முகம் சுண்டிப்போனது.

அடி சக்கை! ஓபி அடிக்க நம்ம சாஃப்ட்வேர்தான் கிடைத்ததா? இவள்தான் ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம் எங்கிருந்து நிற்கிறது என்று தேடிக்கொண்டே போனால், அது குக்கரின் அறையில் போய் முடிந்தது!

எங்கள் சாஃப்ட்வேரில் 'வருஷ அறிக்கை'யை யாராவது திறந்தால் போதும். அது கூட்டிக் கழித்து முடிக்கிற வரைக்கும் மற்ற எல்லாத் திரையும் நின்றுவிடும். அதுதான் அந்தத் தெரிந்த கோளாறு. காலையும் மாலையும் அதைத் திறப்பது சாட்சாத் மேனேஜரேதான்.

மனுஷன் பண்ணுவதையும் பண்ணிவிட்டு என்னைத் திட்டுகிறாரே! வெற்றி நடை போட்டு உள்ளே போனேன்.

"சார், வேலை நேரத்துல வருஷ அறிக்கையைத் திறக்காதீங்க. கோளாறு உங்க கையிலதான் இருக்கு."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தெரியும் தம்பி." அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

"தெரிஞ்சேவா சார் திறக்குறீங்க?"

"ஜன்னல்கிட்ட ஒரு பொண்ணு இருக்கே, அதோட கைக்குழந்தை கீழ காப்பகத்துல இருக்கு. புட்டிப்பாலைத் தொட மாட்டேங்குது. பால் கொடுக்க அந்தப் பொண்ணு எழுந்து போனா, 'வேலை செய்யல'ன்னு உங்க சாஃப்ட்வேர் ஹெட் ஆபீஸுக்குப் போட்டுக் கொடுக்குது. இன்னொரு தடவை போட்டுக் கொடுத்தா வேலை போயிடும். சாஃப்ட்வேரே படுத்துட்டா யாரைப் போட்டுக் கொடுக்கும்?"

"ஹெட் ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கலாமே சார்?"

"சொல்லியாச்சு. கேட்க மாட்டேங்கிறாங்க. அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லப்பா. வருஷ அறிக்கையைத் திறக்கத்தான் இருக்கு."

"அப்போ என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டுக் கத்தலேன்னா சந்தேகம் வராதா? அந்தப் பொண்ணுக்கே தெரியாது. நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்!"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே விசில் வந்தது.

"என்னய்யா பெரிய எஞ்சினியர்! எப்பத்தான் சரியாகும்? அதையாவது சொல்லிட்டுப் போ!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரத்துப் பெண் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னும் கைக்குழந்தை சார்" என்றேன் பவ்யமாக. "பல் முளைக்கட்டும், தானா சரியாயிடும்!"