தலைமாட்டுப் பாம்பு

“இதென்னடா வாத்து, பட்டினி கெடந்து செத்த மாதிரி இருக்கு!”

சுவரில் செதுக்கிய வாத்தைக் காட்டிப் பெரியவர் சொன்னது, காலையிலிருந்து இது நாலாவது குறை. கையில் இருந்தால் எறிந்துவிடுவோமோ என்று பயந்து, சென்பி உளியைக் கீழே வைத்தான்.

அக்கரையில் அவன் பெண்டாட்டி ஹெனுத்துக்கு விடியும்போதே வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். படகுக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போய் எவ்வளவு நேரமாகிறது!

களஞ்சியப் பெரியவர் ஜாவ் விடுவதாயில்லை. நாளைக்கு அவர் செத்தால் இந்தச் சுண்ணாம்புக்கல் சுவருக்குள்தான் கல்லறை. அவர் தலையாட்டாமல் சென்பி படகேற முடியாது.

அவர் பயம் அவருக்கு. கல்லறையை மூடியதும் சுவரில் செதுக்கியதெல்லாம் உயிரோடு எழுந்துவிடும் அல்லவா? வாத்து இளைத்திருந்தால் ஆயுசுக்கும் இளைத்த வாத்தைத்தான் தின்ன வேண்டும். செத்த பிறகு வரும் ஆயுசுக்கோ முடிவே கிடையாது.

சாந்து அப்பி வாத்துக்கு வயிறு வைத்தான். ரொட்டிக் குவியல் குட்டை என்றார், உயர்த்தினான். தன் மூக்கு சப்பை என்றார், எடுப்பாக்கினான். ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்ல வாயெடுப்பான். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்: “எனக்குப் பாடம் எடுக்காத.”

பொழுது சாய்ந்தது. கடைசிப் படகுக்காரன் கீழேயிருந்து கத்த ஆரம்பித்தான்.

ஜாவ் விளக்கோடு மூலைக்குப் போனார். அவர் சவப்பெட்டியின் தலைமாடு வரப்போகிற இடம். அங்கே எழுத்து வரிசையில் ஒரு கொம்புப் பாம்பு. அவர்கள் எழுத்தெல்லாம் படங்கள்தான்; பாம்பும் ஓர் எழுத்துதானே. சுவர் முழுக்க அந்த ஒரு பாம்புதான். அதன் கழுத்தில் குறுக்கே ஒரு வெட்டு.

“இதென்ன, கழுத்து துண்டாக் கெடக்கு? பொண்டாட்டி நெனப்புல ஒடச்சிட்டியா?”

“இல்லீங்கய்யா, வேணும்னுதான் வெட்டினது. கல்லறைக்குள்ள பாம்பு செதுக்கினா, அது எந்திரிச்சு—”

“பாடம் எடுக்காதன்னு எத்தன தடவ சொல்றது! ஒட்டுடா அத.”

சென்பி அவரைப் பார்த்தான். கீழே படகுக்காரன் மறுபடி கத்தினான்.

சாந்து குழைத்தான். வெட்டை நிரப்பினான். கட்டைவிரலால் வழித்துவிட்டு மஞ்சள் பூசினான். அன்றைய வேலையில் இதுதான் சட்டென்று முடிந்தது.

ஜாவ் விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

“இப்பத்தான்டா உசுரோட இருக்கு. கெளம்பு.”

“ஆமாங்கய்யா” என்று சொல்லிவிட்டு, சென்பி படகுக்கு ஓடினான்.