தமயந்தி டீச்சரின் வலது கால்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆரம்பப்பள்ளி இசை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்க, பயிற்சியாளர் உமேஷ் மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். ஆளுக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும் என்பது அவரே பெங்களூரிலிருந்து கொண்டுவந்த விதி. இப்போது தமயந்தி டீச்சரின் முறை. போன வருடம் இதே ஹாலில், நாற்பது பேர் முன்னால், "மேடம், உங்களுக்குத் தாளமே நிக்கலையே" என்று உமேஷ் சிரித்ததை டீச்சர் ஒரு வருடமாகச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டு வருகிறாள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜுக்கு, அந்த இரும்புக் கூண்டுக்கு, அவள் அப்பா அடித்த மணிதான் இன்றைய பாடம்: மூன்று தட்டு, ஆள் ஏற ஒரு மூச்சு இடைவெளி, கேஜை இறக்க இரண்டு தட்டு. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூசி மிதக்க, எல்லோரும் தட்டுகிறார்கள். இடைவெளியில் ஒரே ஒரு கை மட்டும் பட்டென்று விழுகிறது. "இன்னா சார், ஆளு ஏறவே இல்ல, கேஜை இறக்கிட்டீங்களே!" ஹாலே சிரிக்கிறது. "ஸ்வல்ப, கொஞ்சம் நிதானமா, மேடம்" என்கிறார் உமேஷ், காது சிவக்க. "ஒன்னாங்கிளாஸ் பசங்களே கத்துக்கினாங்க சார். எழுந்து நின்னு தனியா தட்டுங்க." அவர் எழுந்து நின்று தட்டுகிறார், இடைவெளியில் மறுபடி தடுமாறுகிறார். தடுமாறும் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுத்தே பழகிய டீச்சரின் வலது கால், புடவைக்கடியில் தானாகவே தாளம் போடத் தொடங்குகிறது. துரோகி. அதை இடது காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, "ம், இன்னொரு வாட்டி" என்கிறாள்.