துளையின் விளிம்பு

மலைமேல் இருந்த பழைய கல்லறையைத் தொடக்கூடாது என்பதால், பார்வையாளர்களுக்காக அடிவாரத்தில் அச்சு அசலாக இன்னொன்றைக் கட்டினார்கள். அதன் முகப்புக்கல்லில் ஆள் நுழையும் துளையைக் கொத்தியவள் சடைச்சி. கல்லறையை வெறுமையாக மூடக்கூடாது, உள்ளே ஒரு தேங்காயாவது வைக்க வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம்.

“கிரேன் காத்துக்கிட்டு நிக்குதும்மா, தேங்காயை நாளைக்கு வச்சுக்க” என்று மேற்பார்வையாளர் மூடுகல்லை இறக்கிவிட்டார்.

காலையில் தேங்காயோடு வந்தவள் துளையைத் தடவினாள். நேற்று சொரசொரத்த விளிம்பு, பல நூறு வருடம் தேய்ந்ததுபோல் வழவழத்தது. மூச்சிரைக்க மலையேறினாள். பழைய துளையின் விளிம்பில் அவளுடைய உளித்தடங்கள். கீழே புதுக் கல்தூள்.

அடிவாரத்தில் பேருந்து வந்து நின்றது. ஒலிபெருக்கியில் மேற்பார்வையாளர் குரல் கேட்டது: “பயப்படாம உள்ள போய்ப் படுத்துப் பாருங்க. காலியாத்தான் இருக்கு.”