கடலுக்கு முதுகு

"மூணு மணிப் பக்கம் பாருங்க! மூணு மணிப் பக்கம்!"

வழிகாட்டி சால்கா மைக்கில் கத்தியதும் பயணிகள் மொத்தமும் படகின் வலது பக்கம் ஓடினார்கள். கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று ஃபூவென்று மூச்சை ஊதிவிட்டு, வாலைத் தூக்கிக் காட்டி முங்கியது. அழுகிய மீன் வாடை எல்லார் முகத்திலும் அடித்தது.

ரக்னா மட்டும் அசையவில்லை. எழுபதைத் தாண்டியவள். வழக்கம்போலக் கடலுக்கு முதுகைக் காட்டி, கேப்டன் அறைக் கண்ணாடிக்கு எதிர் பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்து, பட்டை மணக்கும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ரக்னா, திரும்புங்க! வால் தெரியுது!"

"எங்க?" என்றாள் திரும்பாமலே. "அடடா, போயிடுச்சா? இன்னிக்கும் எனக்குக் கொடுத்து வைக்கல. டிக்கெட் எழுதிடு."

திமிங்கலத்தைப் பார்க்காதவர்களுக்கு அடுத்த பயணம் இலவசம். அதை வைத்தே ரக்னா கோடை முழுக்க ஒரே டிக்கெட்டில் ஓட்டிவிட்டாள். இன்றோடு பருவம் முடிகிறது. இப்போது எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் இதே கூத்துதான்.

"இந்தக் குளிர்ல தினமும் வரணுமா? வீட்ல கதகதப்பா இருக்கலாமே?"

"வீட்ல கெட்டில் மட்டும்தான் சத்தம் போடும்."

"பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். பேச்சுதான் இல்ல," என்ற ரக்னா, மிச்ச ரொட்டியைத் தாளில் மடித்து வைத்தாள்.

சால்காவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஏமாற்று ஏமாற்றுதானே? விறுவிறுவென்று கேப்டன் அறைக்குள் போனாள்.

கேப்டன் பிரின்யார் பயணிகளைச் சிரிக்கவைத்தே கொன்றுவிடுவார் என்று ரெய்க்யாவிக் தலைமை அலுவலகத்தில் சொல்லித்தான் அவளை இந்த வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் வந்த நாளாக மனிதர் பயணம் முடியும்வரை அறையை விட்டு வெளியே தலைகாட்டியதில்லை.

"கேப்டன், அந்தக் கெழவி நம்ம காதுல பூ சுத்துது. திமிங்கலம் பக்கத்துலயே வந்தாலும் திரும்பமாட்டேங்குது. டிக்கெட் கிடையாதுன்னு சொல்லிடட்டுமா?"

பிரின்யார் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. "கோகோ குடிச்சாங்களா?"

"ரெண்டு கப்."

"கையுறை போட்டிருக்காங்களா?"

"இல்ல, மடியில வச்சிருக்காங்க. நான் டிக்கெட்டைக் கேட்டேன், கேப்டன்."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். ரக்னா சட்டென்று தலையைக் குனிந்து, மடியில் இல்லாத ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

"கொடுத்துடு."

"கேப்டன்!"

"அடுத்த வருஷம் பூராவும் செல்லும்னு எழுதிக் கொடு." அவர் பார்வையைச் சுக்கானுக்குத் திருப்பினார். "ஆனா நான் கொடுக்கச் சொன்னேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."